சமூகத்துக்காக ஆய்வாம்... எந்தச் சமூகம், ஆருக்காக?



இன்றைக்குக் கொஞ்சம் சூடான விசயம். ஊர் நினைவுகள் வாசிக்க வந்தவர்கள் மன்னிக்க வேண்டும், அது அடுத்த கிழமை தொடரும்.

ஒக்லாந்தில் பெப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்தில் கம்பஸ் தொடங்கும். ஏப்ரல், மே ஆனதும் எங்கட ஆட்களுக்கு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். கோயில் செயலாளருக்கு வரும், சங்கத்துக்கு வரும், தமிழ்ப்பள்ளி ரீச்சருக்கு வரும், சண்ட்ரிங்ஹம் ரோட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவருக்கும் வரும். எழுதுகிறவர் வரலாறோ மானிடவியலோ சமூகவியலோ படிக்கிற ஒரு பிள்ளை. "உங்கள் சமூகத்துடன் இணைந்து, உங்கள் சமூகத்துக்காக ஓர் ஆய்வு செய்ய விரும்புகிறேன். ஒரு மணித்தியாலம் தர முடியுமா?"

இந்த "இணைந்து", "சமூகத்துக்காக" என்ற இரண்டு சொல்லும் இப்போது எல்லாக் கடிதத்திலும் இருக்கிறது. முந்தி இருந்ததில்லை. முந்தி "உங்களைப் பற்றி" என்று நேராகவே எழுதுவார்கள். சொல் மாறியிருக்கிறது, நல்லது. வேலை மாறியிருக்கிறதா என்பதுதான் என்னுடைய கேள்வி.

நான் இந்த நாட்டுக்கு வந்த பிறகு இப்படி என்னிடம் வந்தவர்கள் ஐந்து பேர். எல்லாரும் நல்ல பிள்ளைகள். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வருவார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், வடை நல்லாயிருக்கு என்பார்கள். பிறகு ஒரு தகவல் தாள், ஒரு சம்மதப் பத்திரம். கையெழுத்து வைத்தவுடன் சின்ன ரெக்கோடரை மேசையில் வைப்பார்கள். எப்ப வெளிக்கிட்டீர்கள், ஏன், எப்படி, வந்தபோது எப்படி இருந்தது, இப்போது எந்த நாட்டை உங்கள் நாடு என்று நினைக்கிறீர்கள். முடிந்ததும் இருபது டொலர் சுப்பர்மார்க்கெற் வவுச்சர் ஒன்று. மாவோரிகளிடம் கோஹா என்று ஒரு வழக்கம் உண்டு, போகிற இடத்துக்கு வெறுங்கையோடு போகாமல் மரியாதையாக ஏதாவது கொண்டு போவது. அந்தப் பெரிய வழக்கம் எங்கட வீட்டுக்கு வரும்போது வவுச்சராகி விட்டது.

அந்த ஐந்து பேரில் திரும்பி வந்தது ஒரே ஒரு பிள்ளை. மற்ற நால்வரின் ஆய்வு முடிந்ததா, நாங்கள் சொன்னதில் எது போனது, எது வெட்டுப்பட்டது, ஒன்றும் தெரியாது. ஒன்று மட்டும் தற்செயலாகத் தெரிய வந்தது. மருமகன் இன்ரநெற்றில் வேறெதையோ தேடும்போது ஓர் ஆய்வேடு அகப்பட்டது. அதில் "பங்குபற்றியவர் 7" என்று ஒருத்தர். பெயர் இல்லை, வாக்குறுதி காப்பாற்றப்பட்டிருக்கிறது. ஆனால் ஊர் இருக்கிறது, தடுத்து வைக்கப்பட்ட முகாம் இருக்கிறது, எத்தனை பிள்ளைகள், என்ன வேலை, எந்த வருடம் வந்தது எல்லாம் இருக்கிறது. எங்கட சனத்தில் யாரிடம் காட்டினாலும் ஒரு நிமிசத்தில் ஆளைச் சொல்லி விடுவார்கள். அந்த ஊரில் இன்னும் எங்கட உறவுகள் இருக்கிறார்கள். எந்தப் பல்கலைக்கழகம், யார் என்று நான் எழுதப் போவதில்லை. ஒரு பிள்ளையைச் சந்தியில் நிறுத்துவதற்காக எழுதவில்லை.

இதைக் கதைத்தால் எங்கட ஆட்களிடம் இரண்டு வகைப் பதில் வரும். ஒன்று: "உதுகளை வாசலிலேயே அனுப்பி விடு. எங்கட துன்பத்திலை அவை பட்டம் எடுக்கினம்." மற்றது: "பாவம் படிக்கிற பிள்ளைகள், கேட்டதைச் சொல்லி அனுப்பினால் என்ன குறைஞ்சா போவாய்?" இரண்டுமே பிழை என்று சொல்லத்தான் இவ்வளவு நீட்டுகிறேன். கதவைச் சாத்தவும் கூடாது, கேட்டதற்கெல்லாம் தலையாட்டவும் கூடாது. நிபந்தனை போட வேண்டும். இது என்னுடைய புத்தியில் உதித்த புதுமை இல்லை. நாங்கள் வந்து குடியேறியிருக்கிற இந்த மண்ணின் சனம் எங்களுக்கு முன்னரே செய்து காட்டியது.

மாவோரிகளைப் போல ஆராயப்பட்ட சனம் குறைவு. மண்டையோட்டை அளந்தார்கள், பாட்டை எழுதி எடுத்தார்கள், செதுக்கல்களைக் கப்பலில் ஏற்றினார்கள். லிண்டா துஹிவாய் சிமித் என்ற மாவோரிப் பெண்மணி ஒக்லாந்து பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். 1999இல் வெளிவந்த அவருடைய ஆய்வுமுறைகளின் காலனிய நீக்கம் பற்றிய புத்தகம் உலகம் முழுக்க வாசிக்கப்படுகிறது. ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டாலே தன்னுடைய சனம் ஏன் முகத்தைச் சுளிக்கிறது என்பதை அவர் அதில் விளங்கப்படுத்தினார். ஆனால் ஆராய்ச்சியே வேண்டாம் என்று அவர் எழுதவில்லை. கேள்வியை யார் தீர்மானிப்பது, பலன் யாருக்கு, அறிவு யாருடைய கையில் மிஞ்சும் என்று கேட்டார். எங்கட ஆட்களில் எத்தனை பேர் இந்தக் கேள்விகளைக் கேட்டிருக்கிறோம்?

அதற்கும் முந்திய கதை ஒன்று. 1970இல் ஒக்லாந்து பல்கலைக்கழகத்தில் மாவோரி இளைஞர் தலைவர்களின் மாநாடு ஒன்று நடந்தது. அதைத் தொடர்ந்து எழுந்தது ஙா தமத்தோவா என்ற இளைஞர் அமைப்பு. (எங்களுக்கு அரிவரியோடு மறந்து போகிற "ங" எழுத்தில் மாவோரிச் சொற்கள் தாராளமாகத் தொடங்கும்!) அதில் கனபேர் பல்கலைக்கழக மாணவர்கள். பள்ளிக்கூடங்களில் மாவோரி மொழி படிப்பிக்க வேண்டும் என்று கேட்டுக் கையெழுத்துச் சேர்த்தார்கள். விக்ரோறியா பல்கலைக்கழகத்து மாணவர் சங்கமும் கூட நின்றது. 1972 செப்ரெம்பர் 14இல் 30,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு அந்த மனு பாராளுமன்றத்துக்குப் போனது. 1987இல் மாவோரி அரச மொழியானது. சமூகத்துக்காக மாணவர் என்றால் இதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வரும்.

அதே 1970இல் அதே பல்கலைக்கழகத்தில் ரங்கினுயி வோக்கர் தன்னுடைய கலாநிதிப் பட்டத்தை முடித்தார். மாவோரிகள் கிராமங்களை விட்டு ஒக்லாந்து நகரத்துக்கு வந்து எப்படி வாழப் பழகிக்கொண்டார்கள் என்பதுதான் ஆய்வு. பட்டத்தை எடுத்துக்கொண்டு அவர் அந்தச் சனத்தை விட்டுப் போகவில்லை. ஒக்லாந்து மாவட்ட மாவோரி சபையில் வருடக்கணக்காக வேலை செய்தார், சஞ்சிகையில் பத்தி எழுதினார், அரசாங்கத்தோடு சண்டை பிடித்தார்.

இன்னுமொன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு மிகவும் தேவையான பாடம் அதில்தான் இருக்கிறது. 1973 முதல் 1978 வரை ரிச்சர்ட் பென்ரன் என்பவரின் தலைமையில் வட தீவு முழுக்க மாவோரி மொழி பற்றி ஒரு கணக்கெடுப்பு நடந்தது. 6,000க்கும் மேற்பட்ட வீடுகள். கேட்கப் போனவர்கள் மாவோரி பேசத் தெரிந்தவர்கள். வீட்டில் யார் யாரோடு எந்த மொழியில் கதைக்கிறார்கள் என்று கேட்டார்கள். சின்னப் பிள்ளைகள் பேசுகிற மொழியாக மாவோரி அழிந்துகொண்டிருக்கிறது என்பது தெரிய வந்தது. முடிவுகளைப் பெரிய புத்தகத்தில் போட்டு அலுமாரியில் வைத்ததோடு நிற்கவில்லை. ஊர் ஊராகச் சின்னச் சின்ன வெளியீடுகள் அச்சடித்து, அந்தந்த இடத்தில் மொழியின் நிலை என்ன என்று பதில் சொன்ன சனத்துக்கே திருப்பிச் சொன்னார்கள். 1982இல் பாலர்களுக்கான மொழிக்கூடுகள், கோஹங்கா ரேயோ, தொடங்கியபோது சனத்திடம் அந்தப் பயம் ஏற்கெனவே இருந்தது. கணினி இல்லாத, இன்ரநெற் இல்லாத காலத்தில் இது முடிந்தது. இன்றைக்கு எங்களுக்கு ஒரு இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் அனுப்ப முடியாதாம்!

பசிபிக் தீவுச் சனத்தையும் சொல்ல வேண்டும். 1974 முதல் 1976 வரை ஒக்லாந்தில் விடிகாலைச் சோதனைகள் நடந்தன. விசா முடிந்தவர்களைத் தேடிச் சமோவா, ரொங்கா வீடுகளுக்குள் பொலிஸ் நாயோடு புகுந்தது. எங்களுக்குச் சுற்றிவளைப்பு என்று சொன்னால் விளங்கும். அந்த ஆட்கள்தான் அதிகம் விசா மீறுகிறவர்கள் என்று பொதுவில் நம்பப்பட்டது. அதை உடைத்தது ஒரு கணக்கு. 1985-86 ஆய்வின்படி விசா மீறியவர்களில் பசிபிக் சனம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் வழக்குப் போடப்பட்டவர்களில் அவர்கள் 86 வீதம். பிரிட்டன், அமெரிக்காவிலிருந்து வந்தவர்களும் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட இருந்தார்கள், அவர்கள் மீது வழக்கு 5 வீதம். எவ்வளவு கத்தினாலும் கேட்காத காதுகளுக்கு இந்த இரண்டு இலக்கமும் கேட்டது. பொன்சன்பியில் 1971இல் தொடங்கிய பொலினேசியன் பாந்தர்ஸ் இயக்கத்தின் வரலாற்றை 2006இல் தொகுத்தவரும் அந்த இயக்கத்தில் இருந்தவரே, ஒக்லாந்து பல்கலைக்கழகத்தின் மெலனி அனாயே. 2021 ஓகஸ்ட் 1இல் பிரதமர் ஜசிந்தா ஆர்டேர்ன் ஒக்லாந்து நகர மண்டபத்தில் பாயால் மூடப்பட்டு அமர்ந்து மன்னிப்புக் கேட்டார். அந்த நாளுக்குப் பின்னால் எத்தனை பேர் எழுதி வைத்தது, ஒலிப்பதிவு செய்தது, சேர்த்து வைத்தது இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எழுதப்படாத அநியாயத்துக்கு யாரும் மன்னிப்புக் கேட்க மாட்டார்கள். அதனால்தான் கதவைச் சாத்தாதே என்கிறேன்.

சரி, தலையாட்டாதே என்று ஏன் சொல்கிறேன்?

முதலில் அந்தச் சம்மதப் பத்திரம். அதைக் கேலி செய்யக் கூடாது. இந்த நாட்டில் அது இவ்வளவு இறுக்கமாக வந்ததற்கு இந்த ஒக்லாந்து நகரமே பெரிய காரணம். நஷனல் விமன்ஸ் ஆஸ்பத்திரியில் 1966இல் தொடங்கிய ஓர் ஆய்வில், கர்ப்பப்பைக் கழுத்தில் புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் கண்ட பெண்களுக்கு உரிய சிகிச்சை கொடுக்காமல் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாங்கள் ஓர் ஆய்வில் இருப்பதே அந்தப் பெண்களுக்குத் தெரியாது. சிலருக்குப் புற்றுநோய் முற்றியது, சிலர் இறந்தார்கள். 1987இல் சண்ட்ரா கோனி, பிலிடா பங்கிள் என்ற இரண்டு பெண்கள் மெட்ரோ சஞ்சிகையில் எழுதியதால் வெளியே வந்தது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் விசாரித்து 1988இல் அறிக்கை கொடுத்தார். அதன் பிறகுதான் இங்கே ஒழுக்கநெறிக் குழுக்களும் நோயாளியின் உரிமைகளும் பலமாக வந்தன. ஆகவே அந்தத் தாளுக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன.

ஆனால் அந்தத் தாளை ஒரு அகதியின் கையில் கொடுப்பவர் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். கையெழுத்து என்பது எங்களுக்கு வேறு விசயம். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பொலிஸ் உதவி அத்தியட்சருக்கு முன்னால் கொடுத்த வாக்குமூலமே போதும், நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளும். தமிழ் மட்டும் தெரிந்த பெடியள் சிங்களத்தில் எழுதிய தாள்களில் கையெழுத்து வைத்தார்கள். நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கு உலகத்துக்கே தெரியும். சிங்களத்தில் ரைப் பண்ணிய வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம், அதை வைத்து 1995இல் 50 வருடத் தண்டனை. மேன்முறையீட்டில் 35 ஆகக் குறைந்தது. 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அது அநியாயம் என்று சொல்லியும் 2006இல் இலங்கை உயர் நீதிமன்றம் கேட்கவில்லை. இப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்த ஒரு அம்மாவிடம், அவவுக்கு வாசிக்கத் தெரியாத ஆங்கிலத்தில் நாலு பக்கத் தாளைக் கொடுத்து "இது உங்கள் பாதுகாப்புக்கு" என்றால் அவ என்ன செய்வா? கையெழுத்து வைப்பா. அதிகாரம் உள்ள ஒருத்தர் நீட்டுகிற தாளில் கையெழுத்து வைக்கத்தான் அவவுக்கு வாழ்க்கை பழக்கியிருக்கிறது. அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறார்கள்.

அடுத்தது, என்ன கதை கிடைக்கிறது என்ற விசயம். அகதி ஒருவர் தன் கதையைக் குடிவரவு அதிகாரிக்குச் சொல்லியிருப்பார், வக்கீலுக்குச் சொல்லியிருப்பார், மொழிபெயர்ப்பாளருக்குச் சொல்லியிருப்பார், மறுத்தால் மேன்முறையீட்டில் திரும்பச் சொல்லியிருப்பார். திகதி ஒன்று மாறினால் பொய்க்காரன். ஆகவே ஒரே கதையை ஒரே ஒழுங்கில் சொல்லப் பழகி விடுவோம். எங்கட ஆட்கள் இதை "கேஸ்" என்றுதான் சொல்லுவார்கள். கேஸ் பொய் என்று நான் சொல்லவில்லை. அது உண்மையில் ஒரு துண்டு, அதிகாரிக்காக வெட்டிய துண்டு. வீட்டுக் கிணறு, விட்டுவிட்டு வந்த நாய், தம்பியோடு கடைசியாகப் பிடித்த சண்டை, இயக்கத்திலும் கோபம் ஆமியிலும் கோபம் என்ற குழப்பம், இதெல்லாம் கேஸில் இல்லை. ஒரு மணித்தியாலத்துக்கு வந்து ரெக்கோடர் வைக்கிற மாணவருக்குக் கிடைப்பது கேஸ்தான். அதை வைத்துக்கொண்டு "ஈழத்தமிழரின் அடையாளம்" என்று தலைப்புப் போட்டால் சிரிப்புத்தான் வருகிறது. நாலாம் தரமோ ஐந்தாம் தரமோ வந்து, ரெக்கோடர் இல்லாமல் முருங்கைக்காய் நறுக்கும்போது பக்கத்தில் இருந்தால்தான் மற்றது வரும்.

மூன்றாவது, அந்தப் பதிவுகள் எங்கே போகின்றன? பொஸ்ரன் கல்லூரியின் பெல்பாஸ்ற் கதையைச் சொல்கிறேன். 2001 முதல் 2006 வரை வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுததாரிகளிடம் வாய்மொழி வரலாறு எடுத்தார்கள். நீங்கள் செத்த பிறகுதான் வெளியே விடுவோம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். 2011இல் பொலிஸ் அமெரிக்க நீதிமன்றம் மூலம் பதிவுகளைக் கேட்டது. பல பதிவுகள் கையளிக்கப்பட்டன. 2014இல் ஜெரி அடம்ஸ் கைதுசெய்யப்பட்டு நாலு நாள் விசாரிக்கப்பட்டு விடப்பட்டார். நீதிமன்றக் கட்டளைக்கு முன்னால் ஆய்வாளரின் நல்ல மனம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று அப்போது தெரிந்தது. யுத்தத்தில் இருந்து வந்த எங்களுக்கு இது தூர தேசத்துக் கதையா?

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. எங்கட வட்டாரத்தில் ஒரு ஐயா ஒரு மாணவருக்கு இரண்டு நாள் கதை சொன்னார். 58 கலவரம், 77, 83, கப்பல், எல்லாம். பிள்ளைகளுக்குச் சொல்லாததையும் சொன்னாராம். அவர் காலமான பிறகு மகள் அப்பாவின் குரலைக் கேட்க விரும்பி அந்தப் பதிவைக் கேட்டு எழுதினா. உரிய காலம் முடிந்ததால் விதிப்படி அழிக்கப்பட்டு விட்டது என்று மரியாதையாகப் பதில் வந்தது. பாதுகாக்க வேண்டிய இடத்தில் பாதுகாப்பு இல்லை, கொடுக்க வேண்டிய இடத்தில் அழிப்பு. ஏனென்றால் என்ன வேண்டும் என்று ஐயாவிடம் யாரும் கேட்கவில்லை. பெட்டிக்கு நேரே சரி அடையாளம் போட்டார்கள், அவ்வளவுதான்.

ஊரிலும் இதே நிலைதான். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2010இல் வந்த நல்லிணக்க ஆணைக்குழுவுக்குச் சொன்னார்கள். 2013இல் வந்த பரணகம ஆணைக்குழுவுக்குச் சொன்னார்கள். 2016இல் கலந்தாலோசனைச் செயலணிக்கும் சொன்னார்கள். இடையில் வந்த பத்திரிகைக்காரர், தொண்டு நிறுவனங்கள், வெளிநாட்டு மாணவர்கள் கணக்கில் இல்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் போய்க் குந்தியபோது, சொல்லிச் சொல்லிக் களைத்துத்தான் குந்தினார்கள். பதில் தெரியாமலே கன தாய் தகப்பன் செத்துப் போய்விட்டார்கள். கேட்பது என்பது கேட்கிறவருக்கு ஒரு கடமையை ஏற்றுகிற காரியம். அது தெரியாதவர் கேட்க வரக் கூடாது.

இனி எங்கட பக்கத்துக்கு வருவோம். பல்கலைக்கழகத்தை மட்டும் ஏசிவிட்டுப் போனால் நேர்மை இல்லை.

ஒரு மாணவர் வந்தால் அவரைச் சங்கத் தலைவரிடம் அனுப்புவோம். தலைவர் கோட் போட்டுக்கொண்டு வந்து, நாங்கள் படித்த சமூகம், எங்கட பிள்ளைகள் டொக்ரர், எஞ்சினியர், எங்களுக்குள் ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொல்லி அனுப்புவார். வீட்டுக்குள் அடி வாங்குகிற பெண், இரண்டு வேலை செய்து நித்திரை இல்லாமல் கார் ஓடுகிறவர், கலியாணப் பேச்சில் இன்னும் சாதி கேட்கிற பழக்கம், மனநோய், தனியாக இருக்கிற கிழடுகள், இதொன்றும் ஆய்வுக்குள் வராது. பிறகு எங்களுக்கு உதவித் திட்டம் இல்லை, முதியோருக்குத் தமிழ் தெரிந்த ஆள் இல்லை என்று முறைப்பாடு. எழுத்தில் இல்லாத பிரச்சினைக்கு எந்தச் சபை காசு ஒதுக்கும்?

சமூகத்துக்காக என்றால் சமூகத்தைப் புகழ்வது என்று அர்த்தம் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாலு பேர் சேர்ந்து "முறிந்த பனை" எழுதினார்கள். ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. ஸ்ரீதரன், ராஜினி திராணகம. சனத்தின் நடுவில் இருந்து, சனத்திடம் கேட்டு, இந்திய இராணுவம், இலங்கை அரசு, இயக்கங்கள் எல்லாரும் செய்ததை எழுதினார்கள். புத்தகம் 1990இல் வெளிவர முன்னரே, 1989 செப்ரெம்பர் 21இல், ராஜினி சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்கள் எழுதிய எல்லாவற்றோடும் ஒத்துப்போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உள்ளிருந்து உண்மை எழுத வந்தவர்களுக்கு நாங்கள் கொடுத்த இடம் எவ்வளவு என்று மட்டும் கேட்கிறேன். ஒக்லாந்தில் யாரும் சுட மாட்டார்கள். ஆனால் கோயிலில் முகத்தைத் திருப்புவார்கள், அதுவும் போதும் ஒரு இருபது வயதுப் பிள்ளையின் வாயை அடைக்க.

அடுத்தது படிப்பு. 1981இல் யாழ் நூலகம் எரிந்ததை, 97,000 புத்தகம் போனதை ஒவ்வொரு வருடமும் நினைவுகூர்ந்து அழுகிறோம். அந்த வீட்டிலேயே மகள் வரலாறு படிக்கப் போகிறேன் என்றால் பூகம்பம். "ஆர்ட்ஸ் படிச்சு என்ன செய்யப் போறாய்?" நூல்கள் எரிந்ததற்கு அழுகிற அப்பா நூல் எழுதக் கூடிய பிள்ளையைக் கணக்கியல் படிக்க அனுப்புகிறார். 2005இல் சில இளைஞர்கள் நூலகம் என்ற இணையத்தளத்தைத் தொடங்கி, ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஒவ்வொன்றாக மின்வடிவில் ஏற்றினார்கள். இன்றைக்கு உலகத்தில் எங்கே ஈழத்தைப் பற்றி ஆய்வு செய்தாலும் அதைத் தொடாமல் முடியாது. எந்தப் பல்கலைக்கழகமும் எங்களுக்குச் செய்து தராததை அவர்கள் செய்தார்கள். எங்களைப் பற்றி எழுத எங்கட பிள்ளைகள் இல்லாதவரை, வருகிறவர் எழுதியதுதான் எங்கட சரித்திரம்.

ஆகவே, கதை கேட்டு இனி யார் வந்தாலும் நாங்கள் எல்லாரும் கேட்க வேண்டியது இவ்வளவுதான்:

1. கேள்விகளைத் தீர்மானிக்க முன்னர் வாருங்கள். எங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்றும் கேளுங்கள். எங்கட கேள்வி ஒன்றாவது உங்கள் ஆய்வில் இருக்க வேண்டும்.

2. தகவல் தாளும் சம்மதப் பத்திரமும் தமிழில் வேண்டும். வாசிக்க முடியாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அன்றைக்கே கையெழுத்துக் கேட்கக் கூடாது. ஒரு கிழமை விட்டு வாருங்கள்.

3. எழுதியதை அச்சுக்கு முன் கொண்டு வந்து காட்டுங்கள். பெயரை மறைப்பது போதாது. ஊர், முகாம், வருடம், தொழில் நாலும் சேர்ந்தால் அதுதான் பெயர். எதை எடுக்க வேண்டும் என்று சொன்னவரே சொல்வார். ஆய்வேட்டை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் போடுவதா, சில வருடம் மூடி வைப்பதா என்பதையும் அவரிடம் கேளுங்கள்.

4. பதிவின் ஒரு பிரதி வேண்டுமா, அழிக்க வேண்டுமா, பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டுமா? சொன்னவர் தீர்மானிக்கட்டும்.

5. முடிந்ததும் தமிழில் இரண்டு பக்கம் எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சனத்துக்கு முன்னால் வாசியுங்கள். கேள்வி கேட்போம், பதில் சொல்லுங்கள். தேத்தண்ணியும் வடையும் எங்கட பொறுப்பு. வவுச்சர் வேண்டாம்.

இதெல்லாம் ஒரு செமஸ்டரில் முடியாது, மாணவர்களுக்கு நேரமும் காசும் இல்லை என்று சொல்லுவார்கள். உண்மைதான். அதனால்தான் கோபம் பிள்ளைகளில் இல்லை. சமூகத்துக்காக என்று விளம்பரத்தில் போடுகிற பல்கலைக்கழகங்களே, திரும்பிப் போகிற பயணத்துக்கும் புள்ளி போடுங்கள், மொழிபெயர்ப்புக்குக் காசு ஒதுக்குங்கள், ஒரு செமஸ்டரில் முடியாத வேலையை ஒரு செமஸ்டரில் கேட்காதீர்கள். அது முடியாதென்றால் மாணவர்களைச் சுவடிக்கூடத்துக்கு அனுப்புங்கள், பழைய பத்திரிகையை வாசிக்கட்டும். பழைய பத்திரிகைக்கு நித்திரையில் கனவு வராது.

திரும்பி வந்த அந்த ஒரு பிள்ளை எங்கட அம்மா சொன்னதை ரைப் பண்ணிக் கொண்டு வந்து, மகனைக் கொண்டு தமிழில் வாசிக்க வைத்தது. அம்மா மூன்று இடத்தில் திருத்தினா, ஒரு பந்தியை எடுக்கச் சொன்னா, கேட்காத ஒரு விசயத்தைப் புதிதாகச் சொன்னா. அந்தப் புதிய விசயம்தான் ஆய்வில் முக்கியமானதாக வந்தது என்று பிறகு அந்தப் பிள்ளை எழுதியிருந்தது. ஆகவே இது நடக்காத காரியம் இல்லை, செய்ய வேண்டும் என்று நினைத்தால் நடக்கும்.

கடைசியாக, ஒக்லாந்தில் இந்த வருடம் வரலாறோ மானிடவியலோ படிக்க நினைத்துக்கொண்டு வீட்டில் சொல்லப் பயந்திருக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு: படியுங்கோ. உங்கட அம்மம்மாவிடம் முதலில் கேளுங்கோ, மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. அப்பா ஏசினால் இதை வாசிக்கக் கொடுங்கோ. அப்பவும் ஏசினால் என்னிடம் அனுப்புங்கோ, நான் கதைக்கிறேன்.